போகும்போது கட்டை, வரும்போது கருவாடு

சொந்தமாக ஒரு லாரி வாங்கியவர்கள் என்னைத் தேடி கடலூர் செம்மண்டலத்துக்கு வந்தால், டீயைக் கையில் வாங்குவதற்குள் கேட்டுவிடுகிறார்கள்: "மாமா, எந்த ரூட்டுல நின்னா பொழைக்கலாம்?"

நான் வண்டியை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு எந்த ஊரில் என்ன லோடு கிடைக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அறுபதுகளில் ஒரு ரூட்டு எங்கள் கைக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை மட்டும் சொல்கிறேன். அதில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் என்றால், நானும் காதரும். நான் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பயிர்செய்கிற குடும்பம். காதர் பரங்கிப்பேட்டைக்காரன். அவன் அண்ணன்மார்கள் மலேயாவில் கடை வைத்திருந்தார்கள். இவனுக்கு மட்டும் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் கடலூரில் ஒரே முதலாளியிடம் டிரைவர்களாக இருந்தோம். அப்புறம் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய லாரி வாங்கினோம். அதன் பக்கப் பலகைகள் எல்லாம் உளுத்துப் போயிருந்தன. புதிதாகப் போட வழியில்லாமல் அறுத்து எறிந்துவிட்டு, வெறும் தளத்தோடு ஓட்டினோம். கடலூர் முதுநகர் ஷெட்டில் அதற்கு மொட்டை லாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் வருடம் நான் தூரத்தைத் துரத்தினேன். சேலத்துக்கு லோடு என்றால் ஓடினேன். திருச்சி என்றால் ஓடினேன். போகும்போது சிரித்துக்கொண்டு போவேன். அங்கே போய் இறக்கிவிட்டு, திரும்பி வர லோடு கேட்டு புரோக்கர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பேன். பெரிய கம்பெனி வண்டிகளுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு. கடைசியில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வருவேன். காதர் என்னைத் திட்டமாட்டான். ஒரு நாள் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், தூரம் ஜாஸ்தின்னா லாபம் ஜாஸ்தின்னு நீ நெனைக்கிற. காலியா ஓடுற மைலெல்லாம் நம்ம ரத்தம்டா."

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாரும் லாரிகள் எங்கே போகின்றன என்று பார்ப்பார்கள். அவன் மாட்டு வண்டிகளைப் பார்ப்பான். ஒரு நாள் ஆலப்பாக்கம் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். எதிரே நாலைந்து மாட்டு வண்டிகள், ஒவ்வொன்றிலும் நீளமான கட்டைகள், பின்னால் தரையைத் தொடுகிற மாதிரி. கட்டுமரம் கட்டுகிற கட்டை. மேற்கே மலையிலிருந்து ரயிலில் முதுநகர் ஜங்ஷனுக்கு வரும். அங்கிருந்து பிச்சாவரம் பக்கத்து மீனவர் குப்பங்களுக்கு மாட்டு வண்டியில் போகிறது. வழியில் தங்கித் தங்கிப் போக வேண்டும். லாரிக்காரர்கள் யாரும் அதைத் தொடவில்லை, ஏனென்றால் பலகை வைத்த வண்டியில் அந்த நீளம் அடங்காது. எங்கள் வண்டியில் பலகையே கிடையாது.

அன்றைக்கே முதுநகர் மரக்கடை முதலாளியைப் பார்த்தோம். அடுத்த வாரம் கட்டை ஏற்றினோம். சிதம்பரம் போய், கிள்ளை வழியாகப் பிச்சாவரத்து உப்பங்கழித் துறை வரைக்கும் ரோடு இருந்தது. துறையில் கட்டைகளைத் தண்ணீரில் உருட்டிவிட்டால் குப்பத்து ஆட்கள் தோணியில் கட்டி இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுவார்கள். இறக்குகிற கூலிகூட மிச்சம்.

வரும்போதுதான் மறுபடியும் காலி.

அக்கரைக் குப்பத்தில் அஞ்சலை என்று ஒரு அம்மா. புருஷன் கடலில் போய்விட்டான். ஏழெட்டு வயதில் பவுனு என்று ஒரு பெண். குப்பத்துக் கருவாட்டையெல்லாம் வாங்கிச் சேர்த்து, சிப்பம் கட்டி, கரைக்குக் கொண்டுவந்து விற்பது அஞ்சலைதான். விலை பேசினால் ஆண்கள் ஒதுங்கி நிற்பார்கள். காதர் அவளிடம் போய், "கருவாட்டை எங்க வண்டியில ஏத்துறியா?" என்று கேட்டான்.

அவள் நம்பவில்லை. "இன்னாத்துக்கு பாய் வெளையாடுறீங்க? லாரிக்காரன் எவனும் கிட்ட வரமாட்டான். நாத்தம் புடிச்சிக்கிட்டா அடுத்தாப்புல அரிசி ஏத்த முடியாது, துணி ஏத்த முடியாதுன்னு ஓடுறானுங்க."

"எங்க அடுத்த லோடு கட்டைதானே," என்றான் காதர். "கட்டைக்கு மூக்கா இருக்கு?"

அஞ்சலை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ரூட்டு கைக்கு வந்தது அன்றைக்குத்தான். போகும்போது கட்டை, வரும்போது கருவாடு. பண்ருட்டி மண்டிக்காரர் ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பண்ருட்டியிலிருந்து முதுநகர் வரைக்கும்தான் காலி ஓட்டம். மண்டிக்காரர் போட்டது ஒரே நிபந்தனை: சந்தை கூடுவதற்கு முன் சரக்கு வந்துவிட வேண்டும், ஒரு தடவை தவறினாலும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்.

இரண்டு மழைக்காலம் அப்படி ஓடியது. நாங்கள் தவறவில்லை. காதருக்கு நிக்காஹ் ஆனது. பெண் பெயர் ஜைனம்பு. கல்யாணச் சாப்பாட்டுக்கு அஞ்சலை பவுனையும் கூட்டிக்கொண்டு தோணியில் வந்திருந்தாள். ஷெட்டில் எங்களைக் கருவாட்டுப் பசங்க என்று கூப்பிடுவார்கள். அதில் பொறாமை இருந்தது. எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது.

மூன்றாவது வருடம் மழை விட்ட சமயம். கட்டையை இறக்கிவிட்டு, ஏற்கனவே துறைக்கு வந்திருந்த சிப்பங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். மறுநாள் பண்ருட்டியில் சந்தை. காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. முக்கால்வாசி ஏற்றியாகிவிட்டது, மிச்சத்துக்குத் தோணியை எதிர்பார்த்து நின்றோம்.

இரண்டு தோணிகள் வந்தன. அவற்றில் சிப்பம் இல்லை. ஆட்கள் படுத்திருந்தார்கள்.

முன் தோணியில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே கழியை ஊன்றித் தோணியை நிறுத்திவிட்டாள்.

"பாய், கிட்ட வராதீங்க. வாந்திபேதி. நேத்துலேருந்து விழுந்துக்கிட்டே இருக்காங்க. வண்டிய மட்டும் குடுங்க. நாங்களே ஏத்திக்கிறோம்."

காலரா என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. எங்களோடு சிப்பம் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் தோளில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கிள்ளைப் பக்கம் நடந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் என் மனதில் என்னென்ன ஓடியது என்று உங்களுக்கு உள்ளபடி சொல்ல வேண்டும். நாளைக்குச் சந்தை. தவறினால் மண்டி போய்விடும். மண்டி போனால் ரூட்டு போய்விடும். வண்டியில் நோயாளியை ஏற்றினோம் என்று தெரிந்தால் எவனும் தின்கிற பொருளை அதில் ஏற்றமாட்டான். அப்புறம், எனக்கே வந்துவிட்டால். இவ்வளவும் ஓடியது. கிள்ளையில் போய்ச் சொல்லி வேறு வண்டி அனுப்பச் சொல்லலாமா என்றும் ஓடியது. அதற்குள் படுத்திருந்த பவுனை நான் பார்த்துவிட்டேன். கண் உள்ளே போயிருந்தது. விரல் நுனியெல்லாம் கிழவி விரல் மாதிரி சுருங்கியிருந்தது. வேறு வண்டி வரும்வரை தாங்காது.

காதர் பக்கம் திரும்பினேன். அவன் முகத்தில் இதில் எதுவுமே ஓடின மாதிரி தெரியவில்லை. வண்டியின் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், சைடு இல்லியே. உருண்டு விழுந்துடுவாங்க," என்றான்.

போகலாமா வேண்டாமா என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை. எப்படிப் போவது என்பது மட்டும்தான் அவனுக்குக் கேள்வி. நெருக்கடியில் நான் கற்றது ஏதாவது உண்டென்றால் அந்த ஒரு வார்த்தையில் கற்றதுதான். வரிசையாக ஓடிய என் கணக்கெல்லாம் நின்றுவிட்டது.

"சிப்பத்த ஓரத்துல அடுக்கிக் கயிறு போடுவோம்," என்றேன். "நடுவுல படுக்க வைக்கலாம்."

அப்படிச் செய்தால் அந்தக் கருவாட்டை யாரும் வாங்கமாட்டார்கள். அஞ்சலைக்கும் அது தெரியும். குப்பமே ஒரு பருவம் முழுக்க உழைத்தது அது. அவள் ஒரு நிமிஷம் சிப்பங்களைப் பார்த்தாள். "போனா போவுது, அடுக்குங்க," என்றாள். அவளே ஏறி அடுக்கினாள்.

ஓரம் சுற்றிலும் கருவாட்டுச் சுவர். நடுவில் தார்ப்பாயை விரித்து அதில் ஒன்பது பத்துப் பேர். யார் ஓட்டுவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சேற்று ரோட்டில் எனக்குத்தான் கை நிதானம். அவன் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். பவுனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். அஞ்சலை மற்றவர்களைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கிழவி, "தண்ணி குடுக்காதீங்க பாய், இன்னும் பிச்சிக்கிட்டுப் போவும்," என்றாள். அப்போது எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். காதர், "தாகம்னு கேக்குறாங்களே, எப்பிடிக் குடுக்காம இருக்கறது?" என்று தன் டம்ளரில் மொண்டான். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறுமுன் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அந்த ரோட்டை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு மாதிரி அது நீண்டதில்லை. வேகமாகப் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் மேலே இருப்பவர்கள் எகிறி விழுவார்கள். மெதுவாகப் போனால் போய்ச் சேருமுன் உயிர் போகும். கட்டைக்கும் கருவாட்டுக்கும் ஒரு வேகம் எனக்குத் தெரியும். மனுஷருக்கு எந்த வேகம் என்று தெரியவில்லை. பள்ளம் வருகிற இடத்தில் ஊர்ந்து, நல்ல ரோட்டில் மிதித்து, அப்படியே போனேன். முதுகுக்குப் பின்னால் காதரின் குரல் ஏதோ முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டே வந்தது. என்ஜின் சத்தத்தில் என்ன பேசுகிறான் என்று புரியவில்லை. ஓதுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கிள்ளையைத் தாண்டியதும் கூரையில் இரண்டு தட்டு தட்டினான். நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தி எட்டிப் பார்த்தேன். கிழவர் ஒருவர் போய்விட்டார். ரோட்டோரம் இறக்கிவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்குக் காலை நீட்ட உதவும் என்று அவருடைய மகனே சொன்னான். காதர் மறுத்துவிட்டான். "இறக்க வேணாம். அவரு பாட்டுக்கு வரட்டும். நீ வண்டிய எடு மச்சான்." எடுத்தேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னொரு உயிரும் போயிருந்தது. அது ஒரு கைக்குழந்தை. மற்றவர்கள் இருந்தார்கள். வாசலிலேயே பாய் விரித்துப் படுக்கவைத்து, கையில் ஊசி போட்டு பாட்டில் ஏற்றினார்கள். டாக்டர் ஒருவர், "தண்ணி குடுத்தது யாரு?" என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று எல்லாரும் காதரைப் பார்த்தார்கள். அவன் கையைத் தூக்கினான். "அதனாலதான் இவ்ளோ தூரம் வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பவுனு கண்ணைத் திறந்து பார்த்தபோது காதர் அங்கே நின்றுகொண்டிருந்தான். அதன் பிறகுதான் புறப்படச் சம்மதித்தான். நான் அவனை முட்லூரில் இறக்கிவிட்டேன். அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்குப் போய்விடுவான். "வண்டிய நல்லாக் கழுவி வெய்யி. பண்ருட்டிக்கு நான் வந்து பேசிக்கறேன். அவுரு கோவிச்சிக்குவாரு, ஆனா சொன்னா புரிஞ்சிக்கிற ஆளுதான்," என்றான். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறை. ஜைனம்பு என்ன சொல்வாளோ என்று சட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். அப்புறம் நடந்தான்.

நான் கெடிலம் ஆற்றுப் பக்கம் ஒதுக்குப்புறமாகப் போய்ச் சிப்பங்களை எண்ணெய் ஊற்றி எரித்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டு வண்டியைத் தேய்த்துக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் ஒருவர் வந்து ஷெட்டில் என்னை விசாரித்தபோது நான் பிரேக் பார்க்க வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன். காதருக்கு உடம்பு சரியில்லையாம் என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதுவரைக்கும்தான் தெரியும். நான் கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போனேன். தெருவில் நுழையும்போதே ஆண்கள் அடக்கம் முடித்து மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். யாரோ என் கையைப் பிடித்து அந்தப் புது மண் மேட்டுக்கு அழைத்துப்போனார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. வாந்திபேதி கண்டதும் அவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வண்டி தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

இந்த ஒன்றை என்னால் இன்றுவரை சரியாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. எங்கள் வண்டி முதுநகரில் கழுவிக் காயவைத்துச் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஷெட்டில் வண்டிக்கு வேறு பெயர் வந்துவிட்டது. காலரா லாரி. பண்ருட்டி மண்டிக்காரரிடம் நான்தான் போனேன். அவர் கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார், காதருக்காக வருத்தப்பட்டார், சரக்குக்கு வேறு வண்டி வைத்துவிட்டதாகச் சொன்னார். "என் கடைக்கு வர்றவங்க கேள்விப்பட்டா வாங்கமாட்டாங்க தம்பி. நான் இன்னா பண்றது?" அவர் சொன்னதில் பொய் இல்லை.

மரக்கடை முதலாளி மட்டும் மறுபடியும் கட்டை கொடுத்தார். தண்ணீரில் கிடக்கப்போகிற கட்டைக்கு என்ன வரப்போகிறது என்றார். அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. குப்பத்துக்கு ஆட்கள் போய்வர விதித்திருந்த தடையும் அப்போதுதான் நீங்கியது. நான் தனியாக ஓட்டிக்கொண்டு கிள்ளை வழியாகத் துறைக்குப் போனேன்.

தோணிகள் வந்தன. இந்தத் தடவை சிப்பங்கள் இருந்தன. அஞ்சலை இருந்தாள். அவள் பக்கத்தில் பவுனு, கொஞ்சம் இளைத்திருந்தாலும், தானாக நின்றுகொண்டிருந்தது. குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூட வந்திருந்தார்கள். அவர்கள் கையில் ஓலைப் பெட்டியில் நல்ல வஞ்சிரக் கருவாடு.

அஞ்சலை என் பக்கத்து சீட்டை எட்டிப் பார்த்தாள். அப்புறம் வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

"பாய் எங்க? வரலியா? இது அவுரு வீட்டுக்கு."

அக்கரைக்குச் சேதி போகவே இல்லை. தடை இருந்ததால் யாரும் அங்கே போகவில்லை, யாரும் வரவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அஞ்சலை அப்படியே சேற்றில் உட்கார்ந்ததும், பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டதும்தான் நினைவிருக்கிறது. அங்கே ஒருவரும் அவனுக்கு உறவில்லை.

அன்றைக்குக் கட்டையை இறக்கியதும் அஞ்சலையும் பவுனும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பரங்கிப்பேட்டை போக வேண்டும் என்றாள். சிப்பங்களைத் துறையிலேயே விட்டுவிட்டுக் காலியாகத்தான் ஓட்டினேன். அந்த மைலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜைனம்பு இத்தாவில் இருந்தாள். புருஷன் போனபின் அந்த மாதங்களில் வெளி ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது. நான் வாசலிலேயே நின்றேன். கதவில் திரை தொங்கியது. அஞ்சலையும் பவுனும் உள்ளே போனார்கள். அஞ்சலை அழுவது மட்டும் கேட்டது. அப்புறம் ஜைனம்புவின் குரல்.

"இந்தப் புள்ளையா?"

"இதான்மா. இதத்தான் மடியில போட்டுக்கிட்டு வந்தாரு."

ஜைனம்பு பவுனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அவுரு ஒங்கிட்ட என்ன பேசிக்கிட்டு வந்தாருடா கண்ணு?"

அஞ்சலை, சொல்லு, சொல்லு என்றாள்.

"கண்ண மூடக் கூடாதுன்னாரு," என்றது பவுனு. "வழியில வர்ற ஊரையெல்லாம் அவுரு சொன்னாரு. என்னையும் கூடவே சொல்லச் சொன்னாரு. ஊரு வந்தா சொல்லணும். சொல்லலன்னா கிள்ளுவாரு."

நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓதிக்கொண்டு வந்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

"என்ன ஊரெல்லாம்?" என்று கேட்டாள் ஜைனம்பு.

"பிச்சாவரம். கிள்ளை. தில்லைவிடங்கன். கோவிலாம்பூண்டி. செதம்பரம்."

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம்கூட இல்லை. அவற்றைக் கழற்றியிருப்பார்கள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் ஜைனம்பு.

பவுனு பிச்சாவரத்திலிருந்து ஆரம்பித்தது.